இரண்டு பேருக்கான மரம்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். போனில் மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நீங்கள் "ம்... ம்..." என்று கொட்டாவியை அடக்குகிறீர்கள். அதனால்தான் கடிதம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

இரும்புக் கட்டில் முறிந்ததிலிருந்து நான் தரையில் படுப்பது உங்களுக்குத் தெரியும். புதுக் கட்டிலைத் தேக்கில்தான் செய்ய வேண்டும் என்று அங்கிருந்தே கட்டளை போட்டீர்கள். சரி என்று ஆசாரியோடு மரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளவென்று ஒரு பலகையைக் காட்டி, இதைவிட நல்ல தேக்கு எங்கேயும் கிடைக்காது என்று சத்தியம் செய்தார். தையல் கடையில் சாயம் போகிற துணிகளோடு மாரடிக்கிறவள் இல்லையா நான், கைக்குட்டையை நனைத்து ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். கைக்குட்டை சிவந்தது, பலகை வெளுத்தது. வைரம் பாயாத வெள்ளை மரத்துக்குச் சாயம் பூசி வைத்திருக்கிறார். அந்த மனிதர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

கடைசியில் பழைய வீடு இடித்த இடத்தில் பலா மரச் சட்டங்கள் கிடைத்தன. வாசல் நிலைக்காலாக நின்று நன்றாகக் காய்ந்த மரம். இனிச் சுருங்காது, மூட்டு ஆடாது, கட்டில் கிறீச்சிடாது என்று ஆசாரி உறுதியாகச் சொன்னார். அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை. "எவன் வீட்டு வாசக்காலுலயோ எம்புள்ள படுக்கணுமா?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "உங்க பிள்ளை எப்போ வந்து படுக்கப் போறார்?" என்று அவரிடம் கேட்க வாய்வரை வந்தது.

அளவு எடுக்கும்போது ஆசாரி, "ஒருத்தருக்காம்மா, ரெண்டு பேருக்கா?" என்றார். அவர் தொழிலுக்கு அவர் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். கல்யாணமான பெண் இதை யாரிடம் விசாரிப்பாள் என்று அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து கேட்கிறார்கள் என்று சொன்னீர்கள். போடட்டுமா என்றும் கேட்டீர்கள். உங்க இஷ்டம் என்றேன். பக்கத்தில் அத்தை இருந்தார், மகள் இருந்தாள், வேறென்ன சொல்வேன்? என் இஷ்டம் அது இல்லை. எனக்கு நீங்கள் இங்கே வேண்டும். தையலில் வருவதும் நீங்கள் இங்கே சம்பாதிப்பதும் நமக்குப் போதும்.

இன்று காலை ஆசாரியிடம் போய், இரண்டு பேருக்கு என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. நான் நிற்கும்போதே ரம்பத்தை வைத்து அறுத்துவிட்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கட்டிலை அத்தைக்கும் மகளுக்கும் கொடுத்துவிட்டு நான் கீழேயே பாய் விரித்துக்கொள்கிறேன். அவ்வளவு அகலத்தில் தனியாகப் படுக்க என்னால் ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்துவிடுங்கள்.

உங்கள் வரவையே பார்த்திருக்கும்,
உங்களவள்