வீட்டுக்கு வழி கேட்ட மாமாவுக்கு

மாமா,

இன்று வகுப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள். நூலகர் ஆகப்போகிறவர்களின் மனப்போக்கை அறிவதற்காம். 'வயதான வாசகர்களுக்கு உதவுவது எனக்குச் சிரமம்: ஆம், இல்லை.' பக்கத்தில் இருந்தவள் யோசிக்காமல் 'இல்லை' என்று குறித்துவிட்டு டீ குடிக்கப் போனாள். நான் தாளை வெறுமையாகவே கொடுத்துவிட்டு வந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வருடம் லேக் கார்டன்ஸ் நூலகத்தில் நான் பயிற்சிக்கு வந்தபோது, என் பெயரைக் கேட்டதுமே வங்காளத்தை விட்டுத் தமிழுக்கு மாறினீர்கள். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்துத் தெருவில் மகளோடு இருக்கிறவர் என்று முதல் நாளே சொன்னீர்கள். மறுநாளும் அதையே சொன்னீர்கள். அதற்கடுத்த நாளும். பிறகு நீங்கள் படியேறுவதைப் பார்த்தாலே கம்ப்யூட்டர் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பயிற்சிக்கு வந்த எல்லோருமே அப்படித்தான். சிறுவர் பகுதிக்குப் போட்டி போடுவோம்; காலையில் வரும் பெரியவர்களை ஒருவர் தலையில் ஒருவர் கட்டுவோம்.

ஒரு வியாழக்கிழமை காலை கவுண்டரில் நீண்ட வரிசை.

"ஏம்மா, நம்மாத்துக்கு எப்படிப் போகணும்?" என்றீர்கள்.

"விளையாடாதீங்கோ மாமா. பின்னாடி எத்தனை பேர் நிக்கறா பாருங்கோ."

"இல்லம்மா, நெஜமாத்தான் கேக்கறேன்."

நான் நிமிரவில்லை. "நேராப் போய் லெஃப்ட்" என்றேன்.

இரண்டு மணிக்கு உங்கள் மகள் வந்தார். "அப்பா இங்கதானே இருக்கார்?"

"காலம்பறயே கெளம்பிட்டாரே மாமி" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் வழி கேட்டதைச் சொல்லவில்லை.

அவரோடு நானும் தேடப் போனேன். முதலில் ரயில் தண்டவாளம். பிறகு ஏரிக்கரை. அங்கே ஓரிடத்தில் கூட்டம் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். யாரோ பெரிய மீன் பிடித்திருந்தார்கள், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் உங்கள் மகளுக்குப் போன் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியில், நீங்கள் வேலை பார்த்த காலத்தில் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வாசலில், கதவைத் திறக்கச் சொல்லி நின்றுகொண்டிருந்தீர்களாம்.

ஒரு வாரம் கழித்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தீர்கள். என்னைக் காட்டிச் சிரித்தீர்கள். "இந்தப் பொண்ணுதான் அன்னிக்கு எனக்கு வழி சொன்னா."

உங்கள் மகள் என்னைப் பார்த்தார். என்ன வழி சொன்னாய் என்று அவர் கேட்டிருக்கலாம்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உங்கள் வீட்டு வாசல் வரை இரண்டு முறை வந்தேன். மணி அடிக்கத் துணிவு வரவில்லை.

இப்போதெல்லாம் பயிற்சிக்குப் போகிற இடத்தில் வயதானவர் யாராவது ஒரே கேள்வியை மறுபடியும் கேட்டால், எழுந்து அவரோடு தெருமுனை வரை நடக்கிறேன். எனக்குப் பொறுமை அதிகம் என்கிறார்கள். பயம்தான் மாமா, வேறொன்றுமில்லை. அடுத்த மாதம் வேலையில் சேர்கிறேன். நாலு வருடம் போனால் எல்லாம் பழகிவிடும் என்கிறார் அங்கே இருக்கிற மூத்த நூலகர். அப்படிப் பழகிவிடுமோ என்றுதான் இப்போது பயம்.