கொழுந்தன் போட்ட வடிகட்டி

மே 17, சனி

வெயில் தாங்கவில்லை. ஃபேன் போட்டால் அனல்தான் வருகிறது. ஷூ கம்பெனியில் இன்று அரை நாள். மூன்று மணிக்கே வீடு.

வாங்க: உளுந்து, கொசுவத்தி, அத்தைக்கு முட்டித் தைலம்.

டேவிட் காலையிலிருந்து ரூட்டர் முன்னால் குந்தியிருக்கிறான். என் கொழுந்தன். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். அதனால் இந்த வீட்டில் குக்கர் விசில் வராவிட்டாலும் அவனைத்தான் கேட்க வேண்டும். இன்றைய வேலைக்குக் காரணம் அத்தை. கரண்ட் பில் கட்டவில்லை, ஃபியூஸ் பிடுங்குவோம் என்று வந்த மெசேஜை போன வாரம் நம்பி அழுத்தப் போனார். நல்ல வேளை, அவன் பார்த்துப் போனைப் பிடுங்கினான். இப்போது வீட்டு வைஃபைக்கே வடிகட்டி போடுகிறானாம். DNS என்றான். நாம் ஒரு சைட் பெயரை அடித்தால் அது எங்கே இருக்கிறது என்று வழி சொல்லும் ஆள் மாதிரி. இனிமேல் வேறு ஆள். திருட்டு சைட், சூதாட்டம், அசிங்கம், இதற்கெல்லாம் வழி கேட்டால் அந்த ஆள் சொல்லமாட்டான். போன் போனாக எதுவும் ஏற்ற வேண்டாம், ரூட்டரில் மாற்றினால் எல்லோருக்கும் ஆச்சு.

நல்ல வேலைதான். அவன் செய்ததால் எனக்கு எரிச்சல். ரூட்டர் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டான். என்ன என்று கேட்டால் சிரிக்கிறான்.

சாயங்காலம் எங்கள் பூட்ஸை வாங்கும் பையர் கம்பெனி சைட்டில் தையல் நூலின் நிறம் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். திறக்கவில்லை. மூன்று தடவை. சனியன் பிடித்த நெட். திங்களன்று கம்பெனியில் பார்க்க வேண்டும்.

மே 18, ஞாயிறு

கோயில் முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். இவர், அத்தை, டேவிட், என் பெண் பெனிட்டா. முதல் கவளம் வாயில் வைக்கவில்லை, டேவிட் ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணி, பெனிட்டா போனை வாங்கி வைங்க."

"எதுக்கு?"

"நேத்து நம்ம வீட்லேர்ந்து ஒரு அசிங்கமான சைட்டைத் திறக்கப் பாத்திருக்காங்க. திரும்பத் திரும்ப. வடிகட்டி தடுத்திருக்கு. என் போன்ல காட்டுது."

"யாரு போன்னு காட்டுதா?"

"அதெல்லாம் காட்டாது. வீடுன்னு மட்டும்தான்."

"இன்னா சைட்டு?"

"பேரைச் சொல்லவே நாக்கு கூசுது. பொம்பளைங்க கிட்ட காட்ட முடியாது அண்ணி."

அத்தைக்குப் பெயர் அடிக்கத் தெரியாது. இவர் சனிக்கிழமை ராத்திரி வரை தோல் ஷெட்டில். நான் "பொறுப்பா வேலைக்குப் போறவங்க" என்று அவனே சொல்லிவிட்டான். அப்புறம் யார் பாக்கி. எல்லோரும் பெனிட்டாவைப் பார்த்தோம்.

"நான் இல்ல" என்றாள். ஒரே தடவை.

அத்தை: "பதினேழு வயசுல இப்டித்தான். வேலூர் காலேஜெல்லாம் வேணாம். இங்கயே எதனா படிக்கட்டும், கண்ணெதிர்ல." டேவிட் தலையாட்டினான். இவர் கை கழுவிக்கொண்டே "யோசிக்கலாம்" என்றார். இவர் யோசிக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் இந்த வெள்ளி. ப்ளஸ் டூ மார்க் வந்த நாளிலிருந்து அந்த ஒரு காலேஜ் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானம் அவள் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். ரப்பர் பேண்ட், உதட்டுக்குத் தடவுவது, பாதி தின்ற கடலை மிட்டாய், வேலூர் காலேஜ் புத்தகத்தில் பென்சில் வட்டம். போனைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். தோழிகளோடு பேசியதெல்லாம் படித்தேன். ஒன்றும் இல்லை. அழித்திருப்பாள் என்று தோன்றியது. "உண்மையைச் சொல்லுடி" என்றேன். முறைத்தாள். ஒன்று விட்டேன் கன்னத்தில். பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பது.

போன் இப்போது என் பீரோவில்.

மே 19, திங்கள்

கம்பெனியில் பையர் சைட் சட்டென்று திறந்தது. நூல் கரும்பழுப்பு. வீட்டு நெட்தான் குப்பை.

டேவிட்டிடம் பிடிக்காதவை:
– செருப்பைக் கழற்றும் முன்பே அறிவுரை.
– என் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது.
– "நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்."
– ஜெபத்தில் பெயர் சொல்லாமல் என்னைத் திட்டுவது. இன்று பெனிட்டாவுக்கும் நடந்தது. "இந்த வீட்டின் இளம் கண்களைக் காத்தருளும்." கண்ணை மூடிக்கொண்டே பல்லைக் கடித்தேன்.

இவருக்கும் கோபம், வேறு காரணத்துக்கு. சீட்டு விளையாடும் ஆப் வைஃபையில் திறக்கவில்லை. தம்பியிடம் கேட்கவும் முடியாது. ரூட்டரைப் பார்த்து முனகுகிறார். நன்றாக வேண்டும்.

பெனிட்டா சாப்பிட வந்தாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், போய்விட்டாள். நான் கூப்பிட்டதற்கு "ம்".

மே 20, செவ்வாய்

இன்று சாம்பிள் ரூமில் ஷபானாவிடம் கொட்டிவிட்டேன். எதிர் மெஷின். என்னைவிடப் பத்து வயது கம்மி, வாய் ஜாஸ்தி.

"அக்கா, உங்க பொண்ணு போன்ல நெட் பேக் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வைஃபையை ஆஃப் பண்ணிட்டு பாத்துட்டுப் போவா. வீட்டு வடிகட்டி அதைப் புடிக்காது. பாக்கணும்னு நினைக்கிறவ வாத்தியாரு சித்தப்பா போட்ட வைஃபைலயா பாப்பா? இன்னாக்கா நீங்க."

மெஷினை நிறுத்திவிட்டேன். சரிதானே. அந்தப் பெண்ணுக்கு இது தெரியாதா. டேவிட்டுக்குத் தெரியாதா. வாத்தியார். தெரிந்தும் சொல்லவில்லை என்றால் அவன் என்ன மனுஷன். தெரியாது என்றால் என்ன வாத்தியார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அந்தப் பேரைக் காட்டு டேவிட்."

"பேஜார் பண்ணாதீங்க அண்ணி. உங்க மரியாதைக்குத்தான் சொல்றேன்."

என் மரியாதை. என் பெண்ணின் மரியாதையைச் சோற்றுத் தட்டு முன்னால் வைத்து உரித்தவன்.

மே 22, வியாழன்

நேற்று எழுதவில்லை. எழுதியிருந்தால் கெட்ட வார்த்தையாக இருந்திருக்கும். நேற்று முழுக்க யாரோடும் பேசவில்லை, இன்று காலை சமைக்கவும் இல்லை. அது இவருக்கு உறைத்தது. சாயங்காலம் தோல் ஷெட்டிலிருந்து வந்தவர் குளிக்கக்கூட இல்லை, அந்த நாற்றத்தோடே தம்பி முன்னால் போய் நின்றார்.

"காட்டுடா."

"அண்ணே, இதெல்லாம் வேணாம்..."

"எனக்குக் காட்டுடா. நான் பொம்பளையா?"

எனக்கும் அத்தைக்கும் தெரியாதபடி போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு காட்டினான். இவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். கூட்டிக் கூட்டி உரக்கப் படித்தார். டேவிட் "அண்ணே, சத்தமா வேணாம்" என்கிறான். இவர் கேட்டால்தானே.

பாதி படிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "அது எங்க பையர் சைட்டு" என்றேன். "எங்க சாம்பிள் ரூம் அட்டைப் பெட்டி பூரா அந்தப் பேருதான். சனிக்கிழமை அதைத் திறந்தது நானு."

வைஃபையை அணைத்துவிட்டு என் போனில் திறந்து அத்தை மூக்குக்கு நேராக நீட்டினேன். ஒரு குதிரை. தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவி. அவள் காலில் நாங்கள் தைத்த பூட்ஸ். கீழே கடிவாளம், சேணம், தோல் வார், சாட்டை, வரிசையாக விலையோடு. குதிரை ஏறுகிறவர்களுக்கான கடை.

"பேருல தோல் வாரு, சாட்டைன்னு இருந்தா அது அசிங்கத்துல சேத்துடும் அண்ணி" என்றான் டேவிட். "வெளிநாட்டுல அதை வெச்சு அந்த மாதிரி சைட்டுங்க இருக்கு. மெஷின் தப்பு."

"மெஷின் குதிரையைப் பாக்கலை. சரி. நீ பாத்தியா?"

"பேரைப் பாத்ததுமே மூடிட்டேன்."

"ஊர்ல பாதிப் பேர் சோறு தின்றது தோல்ல. உங்க அண்ணன் மேல அடிக்கிற வாசனை இன்னா வாசனைடா?"

அவனை 'டா' போட்டது இதுதான் முதல் தடவை. அத்தை "சரி விடுங்க, சோறு ஆறுது" என்றார். சோறே இல்லை, நான் சமைக்கவில்லை. ஹோட்டலுக்கு ஆள் போனது.

பெனிட்டா உள் அறைக் கதவருகே நின்று எல்லாம் கேட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். உள்ளே போய்விட்டாள்.

மே 23, வெள்ளி

காலையில் டேவிட் அந்த சைட்டை விடச் சொல்லி வடிகட்டியில் சேர்த்தான். சேர்த்துவிட்டேன் என்று என்னிடம் வந்து சொன்னான். அவளிடம் போய்ச் சொல்லு என்றேன். "சின்னப் பொண்ணு கிட்ட இன்னா சொல்றது" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்ட்டான். தூ.

பாஸ்வேர்டை இவர் வாங்கிவிட்டார். அதில் ஒரு சந்தோஷம். வடிகட்டி இருக்கட்டும். அத்தைக்கு நேற்றும் ஏதோ பார்சல் மெசேஜ் வந்தது, அழுத்தினார், திறக்கவில்லை. அது செய்கிற வேலையை நான் குறை சொல்லமாட்டேன். சாவி யார் கையில் என்பதுதான்.

வேலூர் காலேஜுக்கு இவரே பெனிட்டாவைக் கூட்டிப்போய் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்துவிட்டார். கடைசி நாள். முடிந்தது.

காலேஜ் திறந்ததும் அவள் தினம் காலை ரயிலில் காட்பாடி, அங்கிருந்து பஸ். சாயங்காலம் வீடு. டிபன் பாக்ஸ் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். எலுமிச்சை சாதம் அவளுக்குப் பிடிக்கும், கெடாது.

மே 24, சனி

புழுக்கம். மழை வரும் போல இருந்தது, வரவில்லை.

பீரோவிலிருந்து போனை எடுத்து பெனிட்டாவிடம் கொடுத்தேன். மேசையில் வை என்றாள். வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சித்தப்பனை நன்றாகத் திட்டினேன். அவன் அப்படி, இவன் இப்படி. அவளும் சேர்ந்து திட்டுவாள், இரண்டு பேரும் சிரிப்போம் என்று நினைத்தேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

டிபன் பாக்ஸ் விஷயம் சொன்னேன்.

"வேணாம் மா. ஹாஸ்டல்னு போட்டுட்டேன். அப்பா கிட்ட சொல்லிட்டேன்."

"ஒரு மணி நேர ரயிலுக்கு எதுக்குடி ஹாஸ்டல்? சித்தப்பாவுக்குப் பயந்தா? அவனை நான் பாத்துக்கிறேன்."

"சித்தப்பா எப்பவும் அப்டித்தான். அவரு சொன்னா சொல்லிட்டுப் போறாரு." ஒரு சுடிதாரை மடித்து வைத்தாள். "என் பையை நீதானே மா கொட்டின."

அவள் கன்னத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை, ஆறு நாள் ஆகிவிட்டது.

எழுந்து வந்துவிட்டேன். பின்னாலேயே சமையலறை வரைக்கும் வந்தாள். ஹாஸ்டலுக்குப் பெட்டி ஒன்று வேண்டுமாம். பூட்டு வைத்ததாகப் பார்த்து வாங்கச் சொன்னாள்.