சீர்வரிசையில் ஒரு தெரு

மே 9, புதன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. புளிக்குக் கொட்டை எடுக்கும் வேலை பாதியில் நிற்கிறது. சாயந்திரம் இவர் ஆபீசிலிருந்து ஒரு பெரிய வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து கூடத்தில் விரித்துவிட்டார். நான்கு மூலையிலும் பாரமாக வைக்க என் குழவி, என் உப்பு ஜாடி. சமைப்பதா வேண்டாமா?

நம் கொம்யூன் பஞ்சாயத்தையும் டவுனையும் ஒன்றாகச் சேர்க்கிறார்களாம். இனி ஒரே முனிசிபாலிட்டி. தெருவையெல்லாம் புதிதாக வார்டு பிரிக்க வேண்டும். நம் பக்கத்துக் கோடுகளைப் போட்டுக் கொடுக்கும் பொறுப்பு இவருக்கு. இருபது வருஷமாகப் பிறப்பு, இறப்பு எழுதிக்கொண்டிருந்த மனுஷன். போன வாரம் முதல் நடையே மாறிவிட்டது.

"பென்சில் என் கையில இருக்குது தெரியுமா" என்றார். தெரியும். சோப்பு வாங்கி வரச் சொன்னது மட்டும் மறந்துபோச்சு.

விஷயம் எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. இந்த வாரம் வீட்டுக்கு வந்தவை:
பலாப்பழம் ஒன்று, பெரிசு.
சங்கரா மீன் ஒரு கூடை. தேங்காய்த்திட்டு ஏலத்தில் எடுத்ததாம்.
கல்கண்டு, திராட்சை.
வேட்டி, ஜரிகை வைத்தது. திருப்பி அனுப்பச் சொன்னேன். பீரோவில் இருக்கிறது.

மீனை எத்தனை பேருக்குக் கொடுப்பது? மிச்சம் நாறிப்போய் வாய்க்காலில் கொட்டினேன். கை இன்னும் நாறுகிறது.

மே 12, சனி

சீமெண்ணெய் இல்லை. க்யூவில் நின்று பாதியில் தீர்ந்துவிட்டது.

கவுன்சிலர் தணிகாசலம் வீட்டுக்கு வந்தார். ரைஸ் மில்காரர். இவரைத் தெருவில் பார்த்தால் கார் கண்ணாடியைக்கூட இறக்காதவர், இன்று செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வருகிறார். (இனி கவுன்சிலரை க. என்றே எழுதுகிறேன். பெரிய மனுஷர், முழுப்பேர் எழுதக் கை கூசுகிறது.)

வந்த காரியம்: அவர் இரண்டாவது பையனுக்கு நம் வாணியைக் கேட்கிறார். பையன் கரண்ட் ஆபீசில் வேலை. எனக்கு ஒரு நிமிஷம் காலே தரையில் இல்லை. வாணிக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது. வந்த வரன் எல்லாம் ஜாதகத்தைக் காட்டியே ஓடிப்போனது. பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, பேசாமல் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தினமும் பார்ப்பவள் நான்.

"ஜாதகமெல்லாம் எதுக்குத் தங்கச்சி, மனசு பொருந்தினா போதும்" என்றார் க. எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

மே 14, திங்கள்

பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி. கேசரியில் முந்திரி கொஞ்சம் கருகல். பையன் பார்க்க நன்றாக இருக்கிறான், அதிகம் பேசவில்லை. வாணி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே வந்தபோது காது மடல் சிவந்திருந்தது. பிடித்திருக்கிறது. கேட்கவே வேண்டாம்.

பிறகு ஆண்கள் மட்டும் கூடத்தில். நான் அடுப்படியில் டிக்காஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். சுவர் ஒன்றும் அவ்வளவு கனமில்லை.

க.: "நகை, பாத்திரம், ரொக்கம் எதுவுமே வேணாங்க. உங்க கையால ஒரே ஒரு காரியம்."

இவர்: "சொல்லுங்க."

க.: "கோடு வாய்க்கால் வழியாத்தான போவுது? போவட்டும். மில்லுக்காரத் தெருகிட்ட வந்ததும் கொஞ்சம் இப்படித் திருப்பி, அந்தத் தெருவ மட்டும் வாய்க்காலுக்கு அந்தாண்ட வார்டுல சேத்துடுங்க. அவ்ளோதான்."

மில்லுக்காரத் தெரு. நான் பிறந்த தெரு. என் தம்பி குப்பு இருக்கிற தெரு. துணி மில்லில் தறி ஓட்டுகிறவன், சங்கத்தில் முன்னால் நிற்பவன். புது வார்டு வந்ததும் எலெக்‌ஷனில் நிற்கப்போகிறேன் என்று பொங்கலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறான். க.வும் அதே வார்டில்தான் நிற்பார். அந்தத் தெரு முழுக்கக் குப்புவுக்குத்தான் போடும். தெருவைத் தூக்கி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டால் அங்கே குப்புவை ஒரு நாய்க்கும் தெரியாது. இங்கே க.வுக்கு எதிராளியே இல்லை.

டிக்காஷன் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

மே 15, செவ்வாய்

இவரிடம் கேட்டேன். சண்டைதான்.

"என் தம்பி தெருவையா கேக்கறாங்க?"

"ஒரே ஒரு தெருடி. தெரு எங்கயும் போயிடாது. இருக்கிற எடத்துலயேதான் இருக்கும். பேப்பர்லதான் மாறுது."

"குப்புகிட்ட என்னா சொல்லுவீங்க?"

"மேலதிகாரி சொன்னாங்கன்னு சொல்லிக்கலாம். உனக்கு வாணி வாழணுமா வேணாமா? முடியாதுன்னு சொன்னா அந்த ஆளு என்னை மாஹே ஆபீசுக்கு மாத்தித் தூக்கிப் போட வச்சிடுவாரு. மலையாளம் பேசிக்கிட்டு ஒண்டியாக் கெடக்கணுமா நானு?"

மாஹே பயம் ஒரு பக்கம். வேட்டி ஆசை ஒரு பக்கம். நடுவில் என் பெண்ணின் பெயர். சீ.

இன்று சாப்பாடு: பழைய குழம்பு. வேண்டுமென்றே.

மே 20, ஞாயிறு

குப்பு வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள், சுட்ட கருவாட்டையும் சோற்றையும் அவனே போட்டான். சாக்கடை தெருவின் நடுவிலேயே ஓடுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன், நான் வளர்ந்த இடத்தில்! புழு நெளிகிறது. குழந்தைகள் அதையே தாண்டித் தாண்டி விளையாடுகின்றன.

குப்பு: "பாத்தியா அக்கா? கொம்யூன் ஆபீசுக்குப் போனா டவுனுக்குப் போங்கறான். டவுன்ல முனிசிபல் ஆபீசு, அந்த மேரி கட்டடத்துக்குப் போனா இது எங்க எல்லை இல்லங்கறான். இப்ப ரெண்டும் ஒண்ணாவுது. இனிமே எவனும் தப்பிக்க முடியாது. நான் ஜெயிச்சா மொதல் காரியம் இந்தச் சாக்கடைக்கு மூடி."

கண் பளபளவென்று இருக்கிறது அவனுக்கு. சொல்ல வாய் வந்தது. வாணியின் காது மடல் ஞாபகம் வந்தது. முழுங்கிவிட்டேன். கருவாடு நன்றாயிருந்தது என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 2, சனி

காற்றே இல்லை. ஊரெங்கும் அம்மை என்கிறார்கள், வேப்பிலை செருகியிருக்கிறேன்.

வார்டு எல்லைகளை ஆபீஸ் பலகையில் ஒட்டிவிட்டார்கள். குப்பு படித்துவிட்டு நேராக இங்கே வந்தான். சைக்கிளைக்கூட ஸ்டாண்ட் போடவில்லை, அப்படியே சாய்த்துவிட்டான்.

"அக்கா, எங்க தெருவ அப்படியே பேத்து அந்தாண்ட வச்சிருக்காங்க. ஓட்டுப் போடணும்னா பனமரப் பாலத்துல வாய்க்காலத் தாண்டிப் போவணும். கெழவி கெழவனெல்லாம் எப்படிப் போவாங்க? எவனோ மாமா கையப் புடிச்சி எழுத வச்சிருக்கான். மாமா சொந்தமா இதச் செய்யமாட்டாரு."

மாமா உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் ஆள் வெளியே வரவில்லை.

ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாமாம். குப்பு எழுதி, சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி வந்து இவரிடமே கொடுத்துவிட்டுப் போனான். "மாமா நல்ல எடமாப் பாத்து வச்சிடுங்க" என்று. இவர் அதை வாங்கிப் பைக்குள் வைத்தார். வைத்த கையோடு காப்பி கேட்டார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஜூன் 8, வெள்ளி

நிச்சயதார்த்தம். வெற்றிலை மட்டமானது, பாதி அழுகல். சமையல்காரன் சாம்பாரில் காரத்தைக் கொட்டிவிட்டான். வாணிக்கு மாம்பழ நிறப் பட்டு, நன்றாயிருந்தாள்.

தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியுமா? குப்பு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. பூ, பழம், புடவை என்று அவன் சக்திக்கு ஒரு தட்டு. முதல் வரிசையில் உட்கார வைத்தோம்.

க. நாலு பேர் எதிரில், வெற்றிலை வாயோடு, சிரித்துச் சிரித்து: "நான் காசு பணம் கேக்கலைங்க. சம்பந்தி எனக்குக் குடுத்த சீரு புதுச்சேரியில எவனும் குடுத்திருக்க மாட்டான். ஒரு தெருவையே குடுத்திருக்காரு!"

எல்லாரும் சிரித்தார்கள். என்ன என்று புரியாமலே சிரித்தார்கள். ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை.

குப்பு என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போயிருக்கலாம். நிச்சயம் நின்றுபோயிருக்கும், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். போகவில்லை. முறைப்படி தட்டை எடுத்துக் கொடுத்தான், வாணிக்கு மாலை போட்டான். கிளம்பும்போது என்னிடம் மெதுவாக:

"மாமா தெருவையே தட்டுல வச்சிட்டாரு. நான் வெறும் பூவும் பழமுந்தான் கொண்டாந்தேன்க்கா. கோச்சிக்காத."

சாப்பிடாமல் போனான். வாயில் வெற்றிலை எச்சிலைக் குதப்பிக்கொண்டு க. இரண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கினார். தூ.

ஜூன் 10, ஞாயிறு

தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது. மிஞ்சிய லட்டு எறும்பு மொய்க்கிறது, தொட மனசில்லை.

வாணி கேட்டாள், "அந்தத் தெரு விஷயம் என்னாம்மா?" சொன்னேன். ஒளிக்கவில்லை. கேட்டுவிட்டு மாலையை ஆணியில் மாட்டினாள். ராத்திரி சாப்பிட்டாள், வழக்கம்போல இரண்டு தோசை.

ஜூலை 4, புதன்

திடீர் மழை. காயப்போட்ட வடகம் நாசம்.

இவர் ஆபீசிலிருந்து முகம் செத்து வந்தார். எலெக்‌ஷன் தள்ளிப்போய்விட்டதாம். எப்போது என்று யாருக்கும் தெரியாதாம். கவுன்சிலரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அதுவரைக்கும் அதிகாரியே பார்த்துக்கொள்வாராம். வார்டு மட்டும் பிரித்தது பிரித்ததுதான். குப்புவின் ஆட்சேபம் இவர் பைக்குள்ளேயே கிடக்கிறது.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

ஜூலை 6, வெள்ளி

தரகர் வந்தார். நெளிகிறார், குடிக்கத் தண்ணீர் கேட்கிறார், விசிறிக்கொள்கிறார். கடைசியில் கக்கினார்:

"அவங்க தப்பா ஒண்ணும் சொல்லலைங்க. எலெக்‌ஷனே இல்லன்னு ஆயிடுச்சு. அந்தத் தெருவ வச்சிக்கிட்டு அவரு என்னா பண்ணுவாரு? சீருன்னு ஒண்ணும் வரலைன்னுதான அர்த்தம்? அதுக்குப் பதிலா மாப்பிளைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்துட்டா..."

மாப்பிள்ளையே கலர் சொல்லி அனுப்பியிருக்கிறான். நீலமாம்.

இவரோ, "பாக்கலாங்க, பாக்கலாங்க" என்கிறார். புக் பண்ணினால் வண்டி வர எத்தனை வருஷம் ஆகும் என்று விசாரிக்கிறார்!

குப்புவுக்கு எப்படித் தெரிந்ததோ, சாயந்திரம் வந்தான். நிச்சயத்துக்குப் பிறகு இன்றுதான் வாசல் மிதித்தான். உட்காரவில்லை.

"மாமா, மில் சொசைட்டில கடன் எழுதிக் குடுக்கறேன். தாய்மாமன் கடமைன்னு வச்சிக்கங்க. வாணி கல்யாணம் நின்னுடக் கூடாது."

இவர் என்ன சொல்ல வேண்டும்? ஒரு மனுஷன் என்ன சொல்லுவான்?

"நல்லதாப் போச்சுப்பா" என்றார்.

தெருவையும் எடுத்துக்கொண்டு, அவன் கடனில் ஸ்கூட்டரும். இந்த ஆளோடு நான் ஒரே பாயில் படுத்திருக்கிறேன்.

வாணி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

"மாமா, நீங்க கடன் வாங்க வேணாம். எனக்கு இந்த எடம் வேணாம்."

இவர்: "ஏய், உள்ள போ."

"தெருவக் குடுக்கறப்ப என்னைக் கேக்கல. ஸ்கூட்டர் குடுக்கறப்பவும் கேக்கல. நாளைக்கு எலெக்‌ஷன் வந்தா அவங்க என்னையும் எந்தப் பக்கம் வேணும்னாலும் தள்ளுவாங்க. வேணாம்ப்பா."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். முன்னாலேயே நின்றிருக்க வேண்டியவள்.

ஜூலை 8, ஞாயிறு

காலையில் நானும் குப்புவும் க. வீட்டுக்குப் போனோம். அவர்கள் வைத்த தட்டு, புடவை, மோதிரம் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு. இவர் வரவில்லை. வயிறு சரியில்லையாம்.

க. ஊஞ்சலில். "ஒரு ஸ்கூட்டருக்குப் போயா தங்கச்சி இவ்ளோ ரோஷம்?"

"ஸ்கூட்டருக்கு இல்லீங்க."

"பின்ன?"

பையை ஊஞ்சல் பக்கத்தில் வைத்தேன். சொன்னாலும் அவருக்கு விளங்காது. பையன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான். இவனையா மருமகன் என்று நினைத்துக் கேசரியில் நெய் ஊற்றினேன்!

மத்தியானம் குப்புவை இழுத்து வந்து உட்கார வைத்தேன். சாம்பார், அவரைப் பொரியல், அப்பளம், ரசம். வாணி பரிமாறினாள். முகம் வாடித்தான் இருக்கிறது, இருக்காதா? இவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், வயிறு சரியாகிவிட்டது போலும்.

நான்: "சம்பந்தமே இல்லன்னு ஆயிடுச்சு. இப்ப அந்தக் கோட்ட மறுபடியும் வாய்க்கால்லயே போட்டுடுங்க."

"அதெப்படி முடியும்? மேல போயி, கையெழுத்தாகி, அச்சாயிடுச்சு. மாத்தணும்னா காரணம் காட்டணும்."

"போடறப்ப என்னா காரணம் எழுதினீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சொல்லுங்க. அந்தத் தெருவ அந்தாண்ட தள்ளறப்ப என்னா காரணம் எழுதினீங்க?"

"நிர்வாக வசதி."

குப்பு நிமிர்ந்து பார்த்தான். கோபம்கூட இல்லை.

"யாருக்கு மாமா?"

இவர் சோற்றில் குழி பண்ணி, ரசம் ஊற்று என்று என்னைப் பார்த்தார்.

ஊற்றவில்லை.