டீச்சர் இன்னும் தராத வாக்கியம்

ஹூஷ், ருமேனியா
14 அக்டோபர் 2002

அன்புள்ள தோதெர்,

நாங்கள் நலம். உன் நலம் நீ எழுதினால்தானே தெரியும்?

ஸ்மராண்டாவை நினைத்தால் மனம் ஒரு நிலையில் இல்லை. பள்ளியில் 'இலையுதிர்காலம்' பற்றிக் கட்டுரை. நம் மகள் எழுதியது இது: "இலையுதிர்காலம் என்றால் அப்பா இத்தாலிக்கு பஸ் ஏறுவது. பஸ் போனதும் அம்மா முட்டைக்கோஸ் ஊறப்போடும் பீப்பாயைக் கழுவுவாள். சுத்தமான பிறகும் கழுவுவாள்."

கோஸ்மா டீச்சர் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, 'போதாது' என்று எழுதிவிட்டார். மனப்பாடம் செய்ய இரண்டு பக்கம் அழகிய வாக்கியங்களும் தந்திருக்கிறார். தங்கக் கம்பளமாய் இலைகள், கண்ணீர் சிந்தும் வானம். மூன்றாம் வகுப்பே அதைத்தான் ஒப்பிக்கிறது. இவளும் ஒப்பிக்கிறாள். கேட்க முடியாமல் முற்றத்துக்குப் போய்விட்டேன்.

உன் வொய்க்கா

தூரின், இத்தாலி
2 நவம்பர் 2002

அன்பு வொய்க்கா,

டீச்சரோடு மல்லுக்கு நிற்காதே. பிள்ளைக்கு மதிப்பெண் வேண்டும். என்னைப் போல் சாரத்தில் ஏறி சிமெண்ட் சுமக்க வேண்டாம்.

அந்தப் பீப்பாய் வரியைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனாலும்தான் சொல்கிறேன், கம்பளம், வானம் என்றே எழுதட்டும். யாருக்கும் வலிக்காது.

தோதெர்

ஹூஷ்
9 டிசம்பர் 2002

தோதெர்,

நீ கேட்டது கிடைத்துவிட்டது. 'மிக நன்று' வாங்கியிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு உனக்கு அவள் எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

"நாய்க்குட்டி வாங்கினதை அப்பாவுக்கு எழுதலையாடி?" என்று கேட்டேன். "அதுக்கு வாக்கியம் இல்லம்மா. டீச்சர் இன்னும் தரல" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பொறுக்காமல் பள்ளிக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கோஸ்மா டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, "உங்க பொண்ணு எழுதினத என் வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேம்மா. அவ்வளவு நல்லா இருந்துச்சு" என்றார்.

"அப்புறம் ஏன் கோடு போட்டீங்க?"

"நாளைக்குத் தேர்வுல திருத்தப்போறது நானா? அங்க இதைவிட மோசமா கோடு போடுவாங்க. இப்பவே பழகட்டும்னுதான்."

திரும்பி வந்தேன். வழியெல்லாம் ஆத்திரம், யார் மீது என்றுதான் தெரியவில்லை.

வொய்க்கா

தூரின்
29 டிசம்பர் 2002

என் செல்ல ஸ்மராண்டா,

இது உனக்குத்தான். அம்மாவும் படிக்கலாம்.

உன் கடிதத்தை அறையில் என்னோடு தங்கும் நம் நாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பெருமையாகப் படித்துக் காட்டினேன். "வெண்போர்வை போர்த்திய பூமி, அன்புத் தந்தையின் உழைக்கும் கரங்கள்..." பாதியிலேயே, நம் ஊரிலிருந்து எங்கேயோ தள்ளியிருக்கும் சுசாவா ஊர்க்காரன் நெகுலாய், "டேய், அது என் பையன் கடிதம்டா, ஏன் எடுத்தே?" என்று கத்தினான். தன் பெட்டியிலிருந்து அவன் கடிதத்தை எடுத்து வந்தான். அதே பூமி. அதே கரங்கள். ஒரு எழுத்துகூட மாறவில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அவரவர் தம் கடிதங்களை எடுத்துப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

டீச்சர் சொல்வதுபோல் எழுத வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னவன் நான்தான். பள்ளிக்கு அப்படி எழுதிக்கொள். எனக்கு வேண்டாம். முதலில் நான் எழுதுகிறேன்: என் கைகள் உழைக்கும் கரங்கள் இல்லை, குளிரில் வெடித்த கைகள். உயரத்தில் நிற்கும்போது எனக்குக் கால் நடுங்கும். யாரிடமும் சொன்னதில்லை.

என்னைத் திட்டியாவது எழுது. ஈஸ்டருக்கு வருகிறேன்.

அப்பா

ஹூஷ்
20 ஜனவரி 2003

அப்பா,

இங்கே வெண்போர்வை எல்லாம் இல்லை. சேறுதான். நாய்க்குட்டி பெயர் துரு. அது உன் செருப்பைக் கடித்துவிட்டது. நான்தான் கொடுத்தேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா அழவில்லை. கோபமாக விறகு பிளந்தாள். அப்புறம் மறுபடி படித்தாள்.

நெகுலாய் மாமாவின் பையனையும் நிஜமாக எழுதச் சொல்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். நீ இல்லாதது எனக்குப் பழகிவிட்டது. முன்பு முற்றத்தில் கேட்கும் நடைச்சத்தத்திலேயே வருவது நீ என்று தெரியும். இப்போது அந்தச் சத்தம் மறந்துவிட்டது. ஈஸ்டருக்கு வரும்போது கதவைத் தட்டி, நீதான் என்று சொல்.

ஸ்மராண்டா