என் வாயால் சொல்ல வேண்டியது

அக்டோபர் 8, செவ்வாய்
வழக்குப் போட்டாயிற்று. டிராமில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

சமரச அலுவலகத்தில் போன வாரமே முடிந்துவிட்டது. என் கணவர் வஜீஹ் அங்கிருந்த எழுத்தருக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அவர் மகன் படிப்பை விசாரித்தார். எழுத்தர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் 'ஒத்துப்போகவில்லை' என்று எழுதினார்.

நான் கேட்பது குல்உ. மனைவி தானாகக் கேட்டு வாங்கும் மணவிலக்கு. கல்யாணத்தில் அவர் தந்த மஹர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், காரணம் நிரூபிக்க வேண்டியதில்லை. வக்கீல் சமீஹா சொன்னார்: "நீதிபதி முன்னால ஒரே ஒரு வாக்கியம், உன் வாயால சொல்லணும். 'இவரோடு வாழ்வதை வெறுக்கிறேன், இறைவன் வகுத்த வரம்பை மீறிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.' அழுது முழுங்கினே, இவளுக்கே பிரிய மனசு இல்லைன்னு தள்ளிடுவாங்க."

தள்ளினால் திரும்பிப் போக வேண்டியதுதான். அண்ணன் வீட்டு ஓர அறையில் நானும் மகள் லுஜைனும் எத்தனை நாள் இருக்க முடியும்?

வெறுக்கிறேனா? அதுதான் பயமே. பன்னிரண்டு வருஷத்தில் என்மேல் கை ஓங்காத மனிதர்.

நவம்பர் 14, வியாழன்
முதல் விசாரணை. இரண்டு குடும்பத்திலிருந்தும் ஆளுக்கொரு மத்தியஸ்தர் பேசிப் பார்த்து அறிக்கை தர வேண்டுமாம். அவர் பக்கம் அவருடைய அக்கா புருஷன். என் பக்கம் ஃபத்ஹி அண்ணன். வேறு யார் இருக்கிறார்கள்?

அண்ணனும் வஜீஹும் வியாழக்கிழமை தவறாமல் ஒரே காப்பிக் கடையில் தாயம் உருட்டுகிறவர்கள். இன்றும் கோர்ட்டிலிருந்து நேரே அங்கேதான் போனார்கள், சேர்ந்து. நான் டிராமில் வந்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்
மத்தியஸ்தம், அண்ணன் வீட்டுக் கூடத்தில். அண்ணி எல்லோருக்கும் மீனும் சோறும் வைத்தார். மிளகாய் ஊறுகாயை என் பக்கம் நகர்த்தியதும் வஜீஹ் தட்டை வாங்கி அப்பால் வைத்தார். "அவளுக்குக் காரம் ஆகாது."

சாப்பிட்டு முடித்து அக்கா புருஷன் கேட்டார்: "சொல்லும்மா ரபாப், அவன்கிட்ட என்ன குறை? அடிக்கிறானா? குடிக்கிறானா?"

நான் வாயைத் திறந்தேன். வஜீஹ் சொன்னார்: "வேலைக்குப் போகணும்னு அவளுக்கு ஆசை. நான்தான் விடல. அவ முதுகுவலிக்கு நாள் பூரா நிக்க முடியுமா?"

"எனக்கு முதுகுவலி இல்லை," என்றேன்.

"இருக்கு. அவளுக்குத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன்தான் அதிகம் சிரித்தது. "உன்னைவிட உன்னைத் தெரிஞ்சு வெச்சிருக்கான், இதுக்கு மேல ஒரு பொம்பளைக்கு என்ன வேணும்?"

என்ன வேணும்? எப்படிச் சொல்வேன்? சொல்ல ஆரம்பித்தால் அதையும் அவர்தானே முடித்து வைப்பார்.

டிசம்பர் 4
முதுகு வலிக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்தேன். வலிக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு
தள்ளிவைப்பு. அண்ணனின் அறிக்கை வரவில்லையாம்! நீதிபதி கேட்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எழுதறேன், எழுதறேன். என்ன, பஸ்ஸா போயிடப்போகுது?" என்றார். "ஆமா, போயிடும்! என் வயசு போகுதுல்ல?" என்று கத்திவிட்டேன். இந்த வீட்டில் நான் கத்தியதே இல்லை. அண்ணி கதவை மூடினார்.

பிப்ரவரி 10, திங்கள்
அறிக்கை போய்விட்டது. 'பேசிப் பார்த்தோம், அவள் வர மறுக்கிறாள்.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

குளியலறையில் வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் 'வெறுக்கிறேன்' வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கடலில் புயல், ஜன்னலெல்லாம் ஆடுகிறது. லுஜைன் கதவைத் தட்டி, "அம்மா, உள்ள யார்கிட்ட பேசறே?" என்றாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்
வந்ததும் வராததுமாக எழுதிவிடுகிறேன்.

நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சொல்லும்மா," என்றார். "இவரோடு வாழ்வதை..." என்று தொடங்கினேன். நின்றுவிட்டது. சமீஹா என் கையைக் கிள்ளினார். பின்வரிசையில் அண்ணன் இருமினார். போச்சு, எல்லாம் போச்சு, திரும்பப் போகப்போகிறேன் என்று நினைத்தேன்.

பக்கத்திலிருந்து வஜீஹின் குரல், அதே பரிவோடு: "வெறுக்கிறாளாம் ஐயா. இறைவன் வகுத்த வரம்பை மீறிடுவாளோன்னு பயப்படறாளாம். எழுதிக்கோங்க. பாவம், அவளுக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது."

எழுத்தர் நிஜமாகவே எழுத ஆரம்பித்துவிட்டார்! நீதிபதி மேசையைத் தட்டினார். "நிறுத்துய்யா. வழக்கு உன்னோடதா, அவங்களோடதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே ஐயா," என்று சிரித்தான்.

ஒண்ணாம்! அவனை விட்டுப் போகிறேன் என்று சொல்கிற பேச்சைக்கூட என் வாயிலிருந்து பிடுங்கி அவனே சொல்லிவிட்டானே! எனக்கென்று இருந்தது அந்த ஒரு வாக்கியம். யா அல்லாஹ், எனக்கு வந்த கோபம்! சொன்னேன். முழுசாக, வராந்தாவுக்குக் கேட்கிற மாதிரி. வெறுக்கிறேன் என்ற இடத்தில் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "திரும்பச் சொல்லணுமா?" என்றும் கேட்டேன்.

"வேண்டாம்மா, காது கேக்குது," என்றார் நீதிபதி.

மத்தியானத்துக்குள் தீர்ப்பு வந்தது. விவாகரத்து. மேல்முறையீடு கிடையாது. படியிறங்கும்போது அண்ணன் பக்கத்தில் வந்து, "உனக்கு எப்ப வந்துச்சு இந்தக் குரல்?" என்றார். நான் டிராம் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்
லுஜைனோடு கோஷரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சோற்றின்மேல் பருப்பை அள்ளிப் போட்டுக்கொண்டே, "காரம் ஊத்தவா?" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். 'அவளுக்குக் காரம் ஆகாது' என்று யாரோ சொல்வார்கள் என்று நின்றிருக்கிறேன்! பின்னால் வரிசை. கடைக்காரர் கரண்டியோடு பார்க்கிறார். லுஜைன் என் கையை இழுத்தாள். "அம்மா, உன்னைத்தான் கேக்கறாங்க."

எனக்குக் காரம் பிடிக்குமா? தெரியவில்லை. முப்பத்தைந்து வயது, தெரியவில்லை.

"ஊத்துங்க," என்றேன். "நிறைய."

கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டேன். இவ்வளவு எனக்கு ஆகாது. அடுத்த முறை பாதி போதும் என்று சொல்ல வேண்டும்.