ஜம்பர் மாட்டணும்

7 ஜூலை 2003, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கரண்டு இரண்டு தடவை போய் வந்தது. செருப்பு காயவில்லை, ஈரத்தோடு கடைக்கு.

செண்பகத்துக்கு மறுபடி தலைவலி. பாதி டைப் செய்த கல்யாணப் பத்திரிகையை அப்படியே விட்டுவிட்டு, நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டு வாரத்தில் இது நாலாவது. வீட்டுக்கே டைப் வேலை கொடுக்கிற பிரஸ்காரர் தள்ளிவிட்ட பெரிய மானிட்டர்தான் காரணம் என்பது என் தீர்மானம். பதினேழு இஞ்ச். வெள்ளைத் திரை முழுக்க சன்னமாகத் துடிக்கிறது, ஓரக்கண்ணால் பார்த்தால் நன்றாகவே தெரியும். தினம் ஆறு மணி நேரம் அதையே முறைத்துக்கொண்டு தமிழும் மலையாளமும் அடித்தால் யாருக்குத்தான் மண்டை இடிக்காது.

"டாக்டர்ட்ட போவமா?" என்றேன்.

"ஸ்க்ரீன் ஆடுததுக்கு டாக்டர் என்ன செய்வாரு?" என்றாள். நியாயம்தான்.

கடையிலிருந்து சஜிக்குப் போன். ஓவர்பிரிட்ஜ் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மலையாளி. நாலு வருடம் முன்பு இந்தப் பெட்டியைப் பூட்டித் தந்ததும் அவர்தான். மனைவியின் தலைவலியையும் திரைத் துடிப்பையும் சொன்னேன்.

"சேட்டா, அது போர்டிலே உள்ள டிஸ்ப்ளே அல்லே, பழசு. அறுபதிலே ஓடுள்ளூ. புதிய கார்டு இட்டால் எண்பத்தஞ்சு கிட்டும். பின்னே ஆட்டமே இல்ல."

போர்டோடு வந்த பழைய டிஸ்ப்ளே திரையை ஒரு செகண்டுக்கு அறுபது தடவைதான் வரைகிறதாம். எண்பத்தைந்து தடவை வரைந்தால் கண்ணுக்குத் துடிப்பு தெரியாதாம். வீட்டுக்கு வந்து போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். "இப்ப வராம் சேட்டா."

சஜியின் 'இப்ப' எனக்குத் தெரியாதா? போன வருடம் பிரின்டருக்கு 'இப்ப' என்றவர் வந்து சேர்ந்தது ஓணம் கழிந்து. நானே போட்டுவிடுகிறேன். சாலைக் கடைத்தெருவில் ஹார்ட்வேர் கௌண்டரில் இருபத்து மூன்று வருடம் நின்றவன். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு ஸ்க்ரூவை முடுக்குவதற்கு ஆள் வேண்டுமா.

8, செவ்வாய்

மழை கொஞ்சம் ஓய்வு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சஜி கடைக்கு நடை. கார்டு வாங்கியாயிற்று. 32 எம்.பி. பச்சைப் பலகை, நடுவில் குட்டி ஃபேன். அட்டைப் பெட்டியில் கையில் வாளோடு ஒரு ராட்சசி படம். செ. படத்தைப் பார்த்துவிட்டு, "இவ கல்யாணப் பத்திரிகை அடிப்பாளா?" என்றாள். இன்று தலைவலி இல்லை போலிருக்கிறது. சிரித்தாள்.

நாளை காலை கடைக்குப் போகும் முன் போட்டுவிடலாம். அரை மணி நேர வேலை.

9, புதன்

அரை மணி நேரம்!

ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். பெட்டிக்குள் கண்டவை:
- நாலு வருட தூசி, ஒரு தலையணைக்குப் போதும்
- பல்லி முட்டை, இரண்டு
- 2000-ல் காணாமல் போன பேனா மூடி (எப்படி?)

தும்மித் தும்மி மூக்கு எரிந்தது. எல்லாம் துடைத்து, கார்டைக் கையில் எடுத்தால், அதைச் செருகுவதற்கு இடமே இல்லை. கார்டின் பல்வரிசை ஒரு மாதிரி, போர்டில் உள்ள வெள்ளை ஸ்லாட்டுகள் வேறு மாதிரி. திருப்பிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. எட்டரை ஆகிவிட்டது. மறுபடி பூட்டிவிட்டு ஓட்டம்.

மத்தியானம் மறுபடி ஓவர்பிரிட்ஜ். குடை இருந்தும் முழங்கால்வரை நனைந்தேன்.

"அய்யோ! சேட்டன்றே போர்டில் ஏஜிபி இல்லே?" அந்தப் பல்வரிசை இறங்குகிற ஸ்லாட்டுக்கு அதுதான் பேராம்.

"நீங்கதானே சஜி பூட்டித் தந்தது? என்கிட்ட கேட்டால்?"

"நாலு கொல்லமாயில்லே சேட்டா. மறந்நு போயி."

நாலு வருடத்தில் மறந்து போயிற்றாம். எனக்கு ஒரு மரைக்கு எந்த நட்டு என்று பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் தெரியும். நல்லவேளை, பழைய ஸ்லாட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரே ஒரு கார்டு அலமாரியின் அடியில் கிடந்தது. மாற்றிக் கொடுத்தார். இதில் ஃபேனும் இல்லை, ராட்சசியும் இல்லை.

சாயங்காலம் வந்தபோது செ. விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் குத்துகிறதாம். ரசம் மட்டும் வைத்திருந்தாள்.

10, வியாழன்

காலை. கார்டு ஸ்லாட்டில் இறங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம், கேட்கவே சுகம். பின்பக்கத் தகடு மட்டும் ஒரு நூல் விலகி நிற்கிறது. வளைத்தேன், ஆள்காட்டி விரல் கீறி ரத்தம். ஸ்க்ரூவைக் காணோம். கடையில் ஆயிரம் சைஸ் ஸ்க்ரூ தினமும் எடுத்துக் கொடுக்கிறவன் வீட்டில், இதற்கு ஒன்று இல்லை. கடைசியில் சிடி டிரைவிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டேன்.

ஆன் செய்தால் திரை கருப்பு. பெட்டிக்குள்ளிருந்து ஒரு நீளக் கூவல், இரண்டு குட்டைக் கூவல். மானிட்டர் வயரைப் பழைய ஓட்டையில் குத்தினால் படம் வருகிறது, புதிய கார்டில் குத்தினால் கருப்பு. புதுசு உள்ளே இருப்பதையே பெட்டி கண்டுகொள்ளவில்லை.

சஜி கடைக்குப் போன், எடுத்த பையன் சஜி இல்லை என்றான். வீட்டு நம்பருக்குக் கூப்பிடச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் டெலிபோன் பக்கத்தில் செ. எழுதி வைத்த தாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்:

"சஜி கூப்பிட்டார். ஜம்பர் மாட்டணும். அப்புறம் ஆன் செய்யணும்."

"ஜம்பரா?"

"அப்படித்தான் சொன்னாரு. எனக்கும் ஒண்ணும் ஓடல. என் ஜம்பர் எல்லாம் கொடியிலதான் கெடக்கு. மழையில எங்க மாட்டன்னு கேக்கலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள வச்சிட்டாரு."

இந்த ஊரில் ஜம்பர் என்றால் பெண்கள் போடுகிற ரவிக்கை. கம்ப்யூட்டருக்கும் ஒரு ஜம்பர் உண்டு என்பதை நான் அவளுக்கு விளக்கினேன். போர்டில் இரண்டு ஊசி நிற்கும், அதன் மேல் மாட்டுகிற குட்டித் தொப்பி, அரிசி அளவுதான். இது எனக்கு எப்படித் தெரியும்? நேற்று சஜி கடையில் அவர் யாருக்கோ சொல்லும்போது கேட்டேன். அரை ஞானம்.

11, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

பரண் மேல் கிடந்த செத்த ஹார்டுடிஸ்கின் பின்னாலிருந்து ஒரு தொப்பியைப் பிடுங்கினேன். எங்கே மாட்டுவது? போர்டு முழுக்கத் தேடினேன். பாட்டரிக்குப் பக்கத்தில் வெறும் ஊசிகள் நின்றன, தொப்பி இல்லாமல். இதுதான் என்று மாட்டினேன். ஆன் செய்தேன்.

ஒன்றுமில்லை. படம் இல்லை, கூவல் இல்லை. ஃபேன் மட்டும் சுற்றுகிறது. வயரைப் பழைய ஓட்டைக்கு மாற்றினேன், அங்கேயும் கருப்பு. நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த பெட்டி. உள்ளே செ. பதினைந்து நாள் அடித்த வேலை. நாளை மாலை பிரஸ்காரர் கோயில் நோட்டீசுக்கு வந்து நிற்பார்.

வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு மெசேஜ ஒழுங்கா எழுதி வாங்கத் தெரியாதா உனக்கு? தலவலி தலவலின்னு அரத்தூக்கத்தில எழுதினியா?" என்று கத்திவிட்டேன்.

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அவரு மாட்டணும்னுதான் சொன்னாரு. ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் மாட்டணும்னுதான் சொன்னாரு."

இட்லியைத் தொடாமல் கிளம்பிவிட்டேன்.

கடையிலிருந்து சஜிக்குப் போன். பாட்டரி பக்கத்து ஊசியில் தொப்பியைப் போட்டதைச் சொன்னேன்.

"எந்தினா சேட்டா இட்டது? ஞான் மாற்றணம்னல்லே பறஞ்ஞது! ஊரி எடுக்கணம்னு!"

மலையாளத்தில் மாற்றணம் என்றால் மாற்ற வேண்டும், அப்புறப்படுத்த வேண்டும். அவர்கள் வாயில் அது 'மாட்டணம்' என்றுதான் விழும். நேரில் கேட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், தினம் நூறு பேரோடு இதே பாஷையில்தான் வியாபாரம். செண்பகத்துக்கும் புரியும்தான். ஆனால் மழை இரைச்சலில், தெரியாத ஒரு சாமானைப் பற்றி, போனில் வந்த சத்தத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினாள். தமிழில் எழுதியிருந்ததைத் தமிழாகப் படித்தேன். அவர் கழற்று என்றார், நான் பூட்டினேன். யார் பேரில் தப்பு? யார் பேரிலும் இல்லை. கத்தினது மட்டும் என் தப்பு.

பழைய டிஸ்ப்ளே ஓட்டைக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு தொப்பி இருக்குமாம், அதை எடுத்தால்தான் பழசு தூங்கும், புதுசு முழிக்கும். நான் பாட்டரி பக்கம் மாட்டினது பெட்டியின் ஞாபகத்தை அழிக்கிற ஊசியாம். ஹார்டுடிஸ்கில் உள்ள வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று மூன்று தடவை சத்தியம் செய்தார்.

கடை அண்ணாச்சி கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இனி கஸ்டமர் மாட்டணும்னு கேட்டா தாளில எழுதி வாங்கிக்கிடும்!" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வரும் வழியில் பழவங்காடியில், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி, சூடாக நாலு வாங்கினேன். மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை. பொட்டலத்தை நீட்டினேன். பாதி தின்றாள், மீதியை மூடி வைத்தாள். குமட்டுகிறதாம்.

12, சனி

காலை ஆறே கால். இரண்டு தொப்பியும் கழற்றியாயிற்று. ஆன் செய்ததும் ஒற்றைக் கூவல், புதிய கார்டில் படம்! "செண்பகம்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

தேதி 1998 ஜனவரி ஒன்று என்று காட்டுகிறது. காட்டிவிட்டுப் போகட்டும்.

எழுத்து எல்லாம் பூசணிக்காய் அளவு, மொத்தமே பதினாறு கலர். கார்டுக்கு டிரைவர் என்கிற புரோகிராம் போட வேண்டும், அதற்கு விண்டோஸ் சிடி வேண்டும், சிடி எங்கே? பீரோ, பரண், துணிப்பெட்டி. இல்லை. செ. அந்தப் பூசணிக்காய் எழுத்திலேயே நோட்டீசை முடித்தாள். மூக்கு திரையில் இடிக்கிற அளவு குனிந்து. பிரஸ்காரர் வாங்கிப் போனார். நாலு பிழை திருத்தம் சொல்லி அனுப்பினார். அவளுக்குப் பிழை வராது, வந்ததே இல்லை. டிஸ்ப்ளே கோளாறு என்று நான் சமாதானம் சொன்னேன்.

சிடி சாயங்காலம் கிடைத்தது. பேப்பர் கட்டுக்கு அடியில், வேறு கவரில்.

13, ஞாயிறு

மழை விட்டு வெயில். ஒரு வாரத்துக்கு அப்புறம் மொட்டை மாடியில் துணி.

டிரைவர் போட்டு, மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டு, பதினொரு மணிக்கு முடிந்தது. எண்பத்தைந்து. திரை கல் மாதிரி நிற்கிறது. ஓரக்கண்ணால் பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன், துடிப்பே இல்லை. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வெற்றி எனக்குக் கிடைத்ததில்லை என்று தோன்றியது. நாற்காலியைத் துடைத்து அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்ப ஆடலல்லா?"

"ஸ்க்ரீன் ஆடல," என்றாள். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தாள். "அந்தக் காலண்டர் எழுத்துதான் ஆடுது."

"காலண்டரா? எப்ப இருந்துட்டி?"

"சித்திர விஷுலேர்ந்து."

மானிட்டர் வந்தது வைகாசிக் கடைசியில்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"மொதல்ல சூடுன்னு நெனச்சேன். பொறவு மானிட்டர்னு நீங்க சொன்னிய. அதுக்குள்ள கெடந்து இந்தப் பாடு படுதியளே, இது செரியானா அதுவும் செரியாயிரும்னு நானும் இருந்துட்டேன்."

கோபம் கோபமாக வந்தது. சஜி மேல் இல்லை, அவள் மேல் இல்லை. ஒரு வாரம் ஊசியையும் தொப்பியையும் தேடிக்கொண்டிருந்த இந்த மடையன் மேல். பயமாக இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கண் டாக்டர் வீட்டு நம்பருக்குப் போன் செய்தேன். நாளை காலை ஏழரை, டோக்கன் மூன்று. எடுத்த பெண் பேர், வயசு எல்லாம் கேட்டுவிட்டு, எந்தக் கண் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு செண்பகத்திடம் கேட்டேன்.

இரண்டுமாம்.