மீன் ஆய்கிற நேரம்

என் மகளுக்கு, அம்மா எழுதுவது.

"கடல் என் பிள்ளையைக் கொண்டுபோன பிறகும் எப்படிம்மா மீன் ஆயிறே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சுனாமிக்குப் பிறகு நான் கோயில் படி ஏறவில்லை. அருவாமனைதான் எனக்குச் சந்நிதி. தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உட்காருகிறேன். ஒவ்வொரு மீன் வயிற்றையும் கீறி, விரலால் துழாவுகிறேன். பாப்பாவின் உடம்புதான் கிடைக்கவில்லை, கொலுசில் ஒரு மணியாவது கிடைக்காதா?

அன்றைக்கு நீ அவளை என்னை நம்பித்தானே விட்டுவிட்டுப் போனாய்.

மூன்று வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் ஒன்றுமில்லை. கையைக் கழுவி, அந்த மீனையே கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

உங்கள் வீட்டுப் பக்கமே நான் ஏன் வருவதில்லை என்று மாப்பிள்ளை கேட்டாராமே. பெற்றவள் மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு வரலாமா?

அம்மா